சேகர் உன் ஜீப்புக்கு முன்னால் நிற்கும் முன்

தம்பி,

அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு இருமல், மழை விட்டபாடில்லை. குசலம் அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதமும் அதற்குள் வைத்திருந்த படமும் வந்து மூன்று வாரம் ஆகிறது. அடுத்த மாதம் நண்பர்களோடு ஆற்றுப் பாறை வழியில் ஜீப் ஏற்றப் போவதாகவும், அதற்கு வண்டியையும் உன்னையும் எப்படித் தயார் செய்வது என்றும் கேட்டிருந்தாய். "நீங்க எஸ்டேட்ல இருபது வருஷம் கல்லுல ஏத்துனவராச்சேப்பா" என்று ஒரு ஐஸ் வேறு. இரண்டே நாளில் பதில் போட்டிருக்க வேண்டியவன் ஏன் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்பது இந்தக் கடிதத்தின் பின்பாதியில் இருக்கிறது. முன்பாதியைத் தாண்டிக் குதித்து அங்கே போகாதே. நீ அப்படிச் செய்கிறவன்தான், எனக்குத் தெரியும்.

நாங்கள் சம்பளத்துக்கு ஏறிய கல்லில் நீங்கள் லீவு எடுத்துக்கொண்டு, சொந்தமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஏறப் போகிறீர்கள். நான் இதைப் படித்துச் சொன்னதும் உன் அம்மா, "ஈப்போவுல இவனுக்கு வேற பொழப்பு இல்லையா, என்ன கிறுக்கு புடிச்சு ஆட்டுது?" என்றாள். எனக்குப் பட்டது வேறு. படத்தில் உன் ஜீப் பளபளவென்று நிற்கிறது. கிட்டத்தட்ட உன் வயது ஆன வண்டி, அதற்கு அடி வரைக்கும் புதுச் சாயம். விற்றவர் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். யாரப்பா அந்தத் தர்மப்பிரபு? கை விட்டுப் போகப்போகிற வண்டிக்கு ஒருவன் எதற்கு மெனக்கெட்டுச் சாயம் அடிக்கிறான்? மேலே அடித்தால் அழகுக்கு என்று விட்டுவிடலாம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அடித்திருக்கிறான் என்றால் அங்கே எதையோ மூடியிருக்கிறான் என்றுதான் என் புத்தி போகிறது. என் புத்தி அப்படிப்பட்டது. அதைப் பற்றியும்தான் எழுதப் போகிறேன்.

ஆகவே முதல் வேலை, அடியில் இருக்கிற சாயத்தையெல்லாம் சுரண்டு. டீசல் போட்டுக் கழுவி, இரும்பு இரும்பாகத் தெரிய வேண்டும். முக்கியமாகச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடக்கிறதே ஸ்பிரிங் பட்டை, அதில் ஒரு பொட்டுச் சாயமும் இருக்கக் கூடாது. பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு பட்டையாகத் தட்டிக் கேள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டது மட்டமாக, செத்த சத்தம் கொடுக்கும். உன் காதுக்கு வித்தியாசம் தெரிகிற வரைக்கும் தட்டு. இந்தத் தட்டிப் பார்க்கிற வித்தை என்னுடையது என்று எஸ்டேட்டில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் திருத்தவில்லை. அது வேறு ஒருவனுடையது.

அடுத்து, சக்கரத்து நட்டு, பட்டையைக் கட்டியிருக்கிற போல்ட்டு, ஸ்டீரிங் மூட்டு எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு ஒவ்வொன்றின் குறுக்கேயும் மஞ்சள் சாயத்தில் மெல்லிசாக ஒரு கோடு போடு. பாதிக் கோடு நட்டில், பாதி இரும்பில். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு விலகிவிடும், கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கல் பாதையில் வண்டி குலுங்குகிற குலுக்கலுக்குத் தானாகவே எல்லாம் தளரும். இந்த 'தானாகவே' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள். எனக்கு இது புரிய ரொம்ப நாளாயிற்று.

மற்றவை சுலபம். கல்லில் இறங்குவதற்கு முன் டயரில் காற்றைக் குறை, டயர் கல்லைக் கவ்விப் பிடிக்க வேண்டும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் அடித்துக்கொள்ள மறக்காமல் பம்ப் கொண்டு போ. சாமானைத் தாழ்வாக வைத்து இறுக்கிக் கட்டு, கூரை மேல் ஒன்றும் ஏற்றாதே. இழுக்கிற கம்பியை மாட்டினால் அதன் நடுவில் ஒரு நனைத்த சாக்கைப் போடு. கம்பி அறுந்தால் சாக்கின் கனத்தில் கீழே விழும், இல்லாவிட்டால் ஆளை வெட்டிவிடும். கம்பி இழுபடும்போது எவனையும் அதைத் தாண்ட விடாதே, அவன் உன் முதலாளியாக இருந்தாலும் சரி.

வண்டி தயார். இனி ஓட்டுகிறவன். கல்லுக்கு முதலில் நடந்து போ. பாசி எங்கே, ஆடுகிற கல் எது, ஆடாதது எது என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார். உட்கார்ந்ததும் கட்டைவிரல் இரண்டையும் ஸ்டீரிங்குக்கு வெளியே வை. சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டீரிங் பேய் பிடித்ததுபோல் சுற்றும், உள்ளே கோத்த விரல் முறிந்துவிடும். குறைந்த கியரில் போட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடு. வண்டி தானே தவழட்டும், நீ அவசரப்படாதே. பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாதே, அச்சின் நடுவில் தொங்குகிற உருண்டை அதில் போய் இடிக்கும். சக்கரத்தைக் கல்லின் தலை மேலேயே ஏற்று. இதெல்லாம் ஒரு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும்.

வராதது ஒன்று இருக்கிறது. கல்லில் ஏறும்போது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும், உனக்குச் சக்கரமும் தெரியாது, கல்லும் தெரியாது. முன்னால் ஒருவன் நிற்பான். அவனுடைய இரண்டு கைதான் உனக்குக் கண். இடது கை ஆட்டினால் இடது, வலது ஆட்டினால் வலது, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் நில். ஏன் என்று கேட்காமல் நில். உன் படத்தில், உனக்குப் பக்கத்தில் ஜீப்பின் மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறானே ஒரு பையன், அவன்தான் உனக்கு முன்னால் நிற்கப் போகிறவன் என்று எழுதியிருந்தாய். பெயர் சேகர், நம் மலைக்காரன்தான், அவன் அப்பா முன்பு ஏதோ ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்தவராம் என்று எழுதியிருந்தாய்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே அகன்ற நெற்றி, அதே கோணல் நிற்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "ஏங்க, இது மாரிமுத்து மவன்ல? நல்லா வளந்துட்டான் லா" என்று சந்தோஷப்பட்டாள். என் புத்தி வேறு பக்கம் ஓடியது. எதற்காக இவன் என் மகனிடம் வந்து ஒட்டிக்கொண்டான்? ஏதோ ஒரு எஸ்டேட் என்கிறானே, பெயரை ஏன் சொல்லவில்லை? அப்பன் சொல்லி அனுப்பினானா? பாறை நடுவில் ஒரு கையைத் தப்பாகக் காட்டினால் போதுமே, என் பிள்ளை கதை முடிந்துவிடுமே. அன்றைக்கே உட்கார்ந்து, "அந்தப் பயலை உடனே கழற்றிவிடு, காரணம் கேட்காதே" என்று நாலே வரியில் ஒரு கடிதம் எழுதினேன். தானா ராத்தா டவுன் போய்த் தபாலில் போடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னும் ஒங்களுக்கு அந்தப் புத்தி போகலயா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பில் போட்டுவிட்டாள்.

மாரிமுத்துவை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. நான் எஸ்டேட் ஜீப்புக்கு டிரைவர், அவன் எனக்கு உதவியாள். மேல் டிவிஷனுக்குப் போகிற மண் ரோடு அடைமழையில் சரிந்து போய், ஓடைக்குள் இறங்கிக் கல் மேலேயே ஏறிப் போவதைத் தவிர வேறு வழி இல்லாத காலம் அது. மேலே நாற்பது குடும்பம் இருந்தது. அரிசி, உரம், மருந்து எல்லாம் என் ஜீப்பில்தான். நோயாளியைக் கீழே இறக்குவதும் நான்தான். மாரிமுத்து முன்னால் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டே கையைக் காட்டுவான், நான் பின்னாலேயே ஏற்றுவேன். இரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடினோம். சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துக் கழுவுவதும், சுத்தியலால் பட்டையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதும் அவன்தான்.

பிறகு அவன் லைசென்ஸ் எடுத்தான். எஸ்டேட்டை நடத்துகிற துரை எல்லோர் முன்னாலும் அவன் தோளில் தட்டி, அடுத்த டிரைவர் நீதான் என்றார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, அன்றிலிருந்து அவன் எதைச் செய்தாலும் எனக்குக் கண் உறுத்தியது. அவன் வண்டிக்கு அடியில் படுத்தால் என்ன செய்கிறான் என்று குனிந்து பார்ப்பேன். ஒரு நாள் சக்கரத்து நட்டு ஒன்று தளர்ந்திருந்தது. கல்லில் தினமும் குலுங்குகிற வண்டியில் நட்டுத் தளராமல் என்ன செய்யும்? எனக்கு அது தோன்றவே இல்லை. கையால்தான் தளர்த்தியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். உனக்கு மேலே எழுதினேனே மஞ்சள் கோடு, அதை நான் போட ஆரம்பித்தது அவனைப் பிடிப்பதற்குத்தான். நாலு நாளைக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கோடு மயிரிழை விலகியிருக்கும். விலகுகிற ஒவ்வொரு கோடும் எனக்கு ஒரு சாட்சி. ஒரு தடவை கூட அவனிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பான், என் சந்தேகம் அங்கேயே செத்திருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. உனக்குத் தெரியுமே, ஃபேக்டரி லோரி, டிராக்டர், என் ஜீப் எல்லாம் கழுவி வரிசையாக நிற்கும், துரை குடும்பத்தோடு வருவார், எவன் வண்டி பளபளப்பு என்று எங்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். எப்போதும் நானும் அவனும் சேர்ந்துதான் கழுவுவோம். அந்த வருஷம் நான் அவனைக் கிட்டே விடவில்லை. தனியாகவே கழுவி, சக்கரத்துக்கு வெள்ளிச் சாயம், அடியில் பட்டை முதற்கொண்டு கறுப்புச் சாயம் என்று பூசினேன். அவன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ தட்டிப் பாத்துருவோமா? முன் இடது பக்கம் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு" என்றான்.

"ஒனக்கு ரொம்பத் தெரியும். போடா, போயி ஒன் வேலயப் பாரு" என்றேன். அவன் போய்விட்டான். நான் முன் இடது பட்டைக்கு இரண்டு தடவையாகவே பூசினேன். மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டியபோது, ஜீப் அன்றைக்குத்தான் வாங்கியது போல இருந்தது. துரை என் வண்டியைத்தான் முதலில் பார்த்து நல்லா இருக்கு என்றார்.

அடுத்த நாள் காலை அரிசி மூட்டையோடு கிளம்பினோம். என் பக்கத்தில் மேல் டிவிஷன் கிராணி, கணக்கு எழுதுகிற வயதான மனிதர். மொட்டைக்கல் என்று நாங்கள் சொல்லும் பெரிய பாறையில் முன் சக்கரம் ஏறியது. மாரிமுத்து எதிரே அடுத்த கல்லில் நின்று மெல்ல, மெல்ல என்று கையசைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். நில் என்று அர்த்தம். தம்பி, நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கிராணி முன்னால் என்னைத் திணற வைத்து மானத்தை வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். பட்டென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஸ்டீரிங் கையை விட்டுப் போயிற்று, ஜீப் இடது பக்கம் இழுத்துக்கொண்டு சரிந்து ஓடைக்குள் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. மாரிமுத்து நின்ற கல் மேலேதான் வண்டியின் மூக்கு வந்து விழுந்தது. அவன் கடைசி நொடியில் கரைக்குத் தாவியிருந்தான். தாவியவனே திரும்ப இறங்கி வந்து என்னையும் கிராணியையும் இழுத்து வெளியே போட்டான். கிராணிக்குக் கை முறிந்துவிட்டது. எனக்குத் தலையில் தையல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் துரை என்னிடம் கேட்டார், என்ன நடந்தது என்று. நான் சொன்னேன், "அவன் ஏதோ பண்ணிருக்கான் தொர. சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டான். ஒடையப் போவுதுன்னு தெரியாமலா குதிச்சான்?" முன்னாடியே குதித்தானா? இல்லை. என் மனசில் ஆறு மாதமாக அவன் குற்றவாளி, அதனால் என் கண்ணும் அப்படியே பார்த்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவன் கையை நான் மதிக்கவில்லை என்று வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும், அதனால் சொன்னேன். அன்று உன் அம்மா கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். துரை போன பிறகு, "கழட்டி விட்டவன் அந்த வண்டிக்கு முன்னாலயா வந்து நிப்பான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வாய மூடு" என்றேன்.

இன்னும் இருக்கிறது. ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டிருந்தார்கள். மறுநாள் விசாரணை. முந்தின நாள் மத்தியானமே தலைக்கட்டோடு ஷெட்டுக்குப் போய், உடைந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த வாயில் பாதி வெள்ளி மாதிரி மின்னியது, அது புதிதாக உடைந்தது. மீதிப் பாதி கறுப்பு. என் கறுப்புச் சாயம் விரிசலுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. நான் சாயம் பூசின அன்றே விரிசல் இருந்திருக்கிறது, அதன் மேலேயே இரண்டு தடவை பூசி மூடியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனால் சந்தேகப்படுகிறவன் புத்தி சும்மா இருக்காது தம்பி. 'பார், சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்றானே, அப்படியானால் அவனுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் என்னை ஓட்ட விட்டிருக்கிறான்' என்று அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். தட்டிப் பார்க்கலாம் என்று சொன்னவனை விரட்டினது நான் என்பது என் கணக்கிலேயே வரவில்லை. பட்டையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் வீசிவிட்டேன். மறுநாள் விசாரணையில் துரை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், ஆஸ்பத்திரியில் சொன்னதையே நான் சொன்னேன். மாரிமுத்துவை ஒரு நாளில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையைக் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு, இடுப்பில் அந்தச் சேகரை வைத்திருந்த மனைவியோடு அவன் போனதை நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா என் நாலு வரிக் கடிதத்தை அடுப்பில் போட்ட பிறகு, மாரிமுத்து எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்றேன். "எனக்குத் தெரியும். திரிங்காப்புல கோபிஸ் தோட்டத்துல இருக்காரு. அவரு சம்சாரத்த வருஷா வருஷம் கோயில் திருவிழாவுல பாக்குறேன்" என்றாள். எத்தனை வருஷமாகப் பார்க்கிறாய், ஏன் சொல்லவில்லை என்று எகிறினேன். "சொன்னா நீங்க என்னயும் சந்தேகப்பட்டிருப்பீங்க" என்றாள். உண்மைதான். பட்டிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திரிங்காப் போனேன். மழையில் முட்டைக்கோஸைக் கூடை கூடையாக லோரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்றான், நேற்றுப் பார்த்த மாதிரி. இந்த மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. "ஒம் மவன் என் மவனோட..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ண்ணே. அதே படத்த எனக்கும் அனுப்பியிருக்கான். பாத்ததும் ஒங்க மவன்னு தெரிஞ்சிருச்சு, ஒங்கள உரிச்சு வச்சிருக்கான். ஒங்களுக்குத் தூக்கம் போயிருக்குமே?"

ஆமாம் என்றேன்.

"எனக்குல்ல போகணும்? ஓட்டப் போறது ஒங்க பையன். முன்னால நிக்கப் போறது என் பையன்."

அங்கேயே, அந்த மழையிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். சாயம், அவன் காட்டின கை, பள்ளத்தில் வீசின பட்டை, ஒன்றையும் விடவில்லை. அவன் கூடையை அடுக்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, "ஒங்கள வெளிய இழுத்துப் போட்டப்பவே அடியில பாத்தேன், ஒடஞ்ச எடத்துல பாதி கறுப்பா இருந்துச்சு" என்றான். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தான். "சொன்னேனே. அந்தப் பட்டைய எடுத்துப் பாருங்க தொர, எல்லாம் தெரியும்னு சொன்னேன். தேடிட்டு வந்து, காணோம், நீதான் ஒளிச்சு வச்சிருக்கன்னு அதையும் என் தலையிலயே போட்டாங்க." இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது தம்பி. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வேல போனது போவட்டும்ண்ணே, இங்கயும் மண்ணுதான், அங்கயும் மண்ணுதான். பையன்தான். பள்ளிக்கூடத்துல எவனோ, ஒங்கப்பன் ஜீப்ப ஒடச்சு ஆளக் கொல்லப் பாத்தவன்டான்னு சொல்லியிருக்கான். அழுதுகிட்டே வந்து கேட்டான். நான் செய்யலடான்னேன். சரின்னு தலைய ஆட்டுனான். ஆனா நம்பல. இப்பவும் ஊருக்கு வரப்ப அவன் மோட்டர் சைக்கிள நான் தொடச்சுக் குடுத்தா, நான் உள்ள போனதும் ஸ்பேனர எடுத்து எல்லா நட்டையும் ஒரு தடவ முடுக்கிப் பாக்குறான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு." சொல்லும்போது அவனுக்குக் குரல் மாறவில்லை. நான் ஒரு கூடை மேலே உட்கார்ந்துவிட்டேன்.

என்ன வேண்டும் உனக்கு, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம். அவன்கிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா பழைய கதையையே பாடுறேன்னுவான். எழுதிக் குடுங்க" என்றான். பஸ்ஸில் திரும்பி வரும்போதே, எழுதித் தரக் கேட்கிறானே, இதை எங்கே கொண்டுபோய்க் காட்டப் போகிறானோ என்று என் புத்தி மறுபடியும் கிளம்பியது. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை. கம்போங் ராஜா பஸ் நிற்குமிடத்தில் இறங்கி, முதல் கடையிலேயே இந்தத் தாளை வாங்கினேன்.

நீ வண்டியைப் பற்றிக் கேட்டாய். வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படு, தட்டு, சுரண்டு, கோடு போடு. இரும்புக்கு ரோஷம் கிடையாது. நான் இரும்பை நம்பி ஆளைச் சந்தேகப்பட்டேன். உன் அப்பாவை நீ இதுவரை எப்படி நினைத்தாயோ, இனி அப்படி நினைக்க முடியாது. எனக்கு அது வலிக்கிறது, எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று வரைக்கும் நினைத்தேன். ஆனால் நீ என்னை நல்லவன் என்று நம்புவதற்கு அங்கே ஒரு பையன் தன் அப்பனைக் கெட்டவன் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அது இனிமேல் நடக்கக் கூடாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. பாறைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, சேகரை உட்கார வைத்து இதை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு. குறைக்காதே, என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. உன்னை அடித்தால் வாங்கிக்கொள். கேட்ட பிறகும் அவன் உன் ஜீப்புக்கு முன்னால் நிற்க வந்தால் போ. அவன் இரண்டு கையையும் விரித்தால் எதற்கு என்று யோசிக்காமல் நில். அவன் நிற்க மாட்டேன் என்றால் அவன் இடத்தில் வேறு எவனையும் நிறுத்தாதே, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. எப்படியிருந்தாலும் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடு, திரிங்காப்புக்குக் கொண்டுபோகட்டும்.

சாட்சி வேண்டும் என்று கீழே உன் அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எல்லாப் பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் போட்டிருக்கிறாள். என் வார்த்தையை நம்பிப் போடவில்லை.

உன் அப்பா